படகில் எத்தனை பேர்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. உப்புவெளியில் எங்கள் பக்கத்து வீட்டு ரிப்கா வேலிக்கு மேலால் எட்டி, "ஜவாஹிர் நானா, எனக்கு ஒரு கதை வேணும்" என்றாள். ஞாயிறுப் பத்திரிகையில் மூன்று கதை வந்தபிறகும் எங்கள் ஒழுங்கையில் என்னிடம் கதை கேட்ட முதல் ஆள் அவள்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசிக்க அல்லவாம். நேர்முகப் பரீட்சையில் சொல்லவாம். 'நீங்கள் வென்ற ஒரு சவாலைச் சொல்லுங்கள்' என்று கேட்பார்களாம். எக்கச்சக்கமான பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள், தனித்துத் தெரிய வேண்டும். துறைமுகத்தடியில் வேலை என்றாள். துறைமுகம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் அலையடிக்கத் தொடங்கிவிட்டது. அந்த வேலையைப் பற்றி அவள் சொன்ன மிச்சத்தை நான் கேட்கவில்லை.

கடைசியாகச் சொன்னது மட்டும் கேட்டது. இது சரிவராவிட்டால் மாமா எடுத்து வைத்திருக்கும் விசாவில் அவள் டோஹா போக வேண்டும், இரண்டு வருடம் கடையொன்றில் நிற்க. "எனக்குப் போக விருப்பமில்ல நானா. உம்மாவ விட்டுட்டு இருக்க ஏலா."

2

முதல் தொடக்கம்: 'சுனாமி எங்கள் வீட்டை—'

"எங்கட ஊட்டுப் படிவரைக்கும்தான் தண்ணி வந்தது நானா. நான் அப்ப கைக்குழந்தை."

இரண்டாம் தொடக்கம்: 'யுத்தத்தின் நடுவே ஒரு சிறுமி—'

"அதச் சொல்லாதவங்க இந்த ஊர்ல ஆரு? கேள்வி கேக்கிறவங்களுக்கும் அதே கதைதானே இருக்கும்."

(நியாயம்தான். துயரத்தில் தனித்துத் தெரிவதற்குத் திருகோணமலை தோதான ஊர் அல்ல.)

மூன்றாம் தொடக்கம்: 'அன்று கடல் கொந்தளித்தது. இறக்கக்கண்டிக்கு அப்பால், எஞ்சின் நின்றுபோன படகில், ரிப்கா எழுந்து நின்றாள்.'

அடடா! எழுதிவிட்டு நானே இரண்டு தரம் வாசித்தேன்.

"நானா, போட்ல ஏறினா எனக்கு வயித்தப் பிரட்டிச் சத்தி வரும்."

"அது வாழ்க்கை, இது இலக்கியம்" என்றேன்.*

\* உண்மையில் சொன்னது: "வாய மூடிட்டுப் பாடமாக்கு."

3

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கொந்தளிக்கிற கடலில் படகை மீட்டவள், பாடமாக்குகிற நேரம் "குசினியில சோறு அடிப்பிடிக்குது" என்று எழும்பி ஓடுவாளா? கதாநாயகிக்குரிய ஒரு பொறுப்பும் இல்லை. குறையைக் கேட்டால் சொல்ல, 'என் குறை: நான் அளவுக்கு மீறி உழைப்பவள்' என்று சேர்த்துக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இத உம்மா கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா" என்றாள்.

நான்காம், ஐந்தாம் வரைவுகளை இங்கே தரவில்லை. அவற்றில் படகு இன்னும் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

4

பரீட்சை நாள். நான் சைக்கிளோடு துறைமுகத்தடி ஒபிஸ் யன்னலுக்குக் கீழே நின்றேன். உள்ளே கேள்வி கேட்பவர்களுக்குத் தலைவி கீர்த்தனி என்ற அம்மா. (அவருடைய மூக்குக்கண்ணாடி— வேண்டாம், எல்லாரும் எழுதியாயிற்று.)

"அன்று கடல் கொந்தளித்தது" என்று ரிப்கா தொடங்கினாள். என் வசனம்! எனக்குப் புல்லரித்தது.

"படகில எத்தனை பேர் இருந்தவை?" என்றார் கீர்த்தனி.

நான் அதை எழுதவில்லையே! யார் அதையெல்லாம் கேட்பது? இவ்வளவு நேரமும் வாசிக்கிறீர்கள், நீங்கள் கேட்டீர்களா?

"கொஞ்சம் பொறுங்க மிஸ், கேட்டுட்டு வாறன்."

கதவு திறந்தது. "நானா! போட்ல எத்தன பேர்?"

"ஆறு" என்றேன். அவளுக்குப் பின்னால் கீர்த்தனி நின்றார்.

5

என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். எழுத்தாளன் தன் கதைக்குள் வருவது பெரிய உத்தி என்பார்கள். வந்து பார்த்தால் இருக்கக் கதிரைகூட இல்லை.

"நீங்களோ இதை எழுதினனீங்கள்?"

"ஓம்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்ப சொல்லுங்கோ, இவ என்ன வேலைக்கு வந்திருக்கிறா?"

"துறைமுகத்தில..."

"ஓம், துறைமுகத்தில என்ன வேலை?"

அலை வந்தது, எஞ்சின் வந்தது, இறக்கக்கண்டி வந்தது. வேலை மட்டும் வாயில் வரவில்லை. ரிப்கா என்னைப் பார்த்தாள். அவள் வேலியடியில் அதையும் சொல்லியிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஐயா வெளியில நில்லுங்கோ" என்றார் கீர்த்தனி. "பிள்ளை, நீங்கள் இருங்கோ. இனி உங்கட கதையைச் சொல்லுங்கோ."

யன்னலையும் சாத்திவிட்டார்கள்.

6

வெளியே, சைக்கிள் கரியரில் நான் வைத்திருந்த வரைவுகளைக் கோட்டைப் பக்கமிருந்து டவுனுக்குள் திரிகிற மான்களில் ஒன்று மென்றுகொண்டிருந்தது. என் எழுத்தைக் கடைசிவரை விடாமல் உட்கொண்ட முதல் வாசகர். விரட்டவில்லை.

முடிவு அ: உள்ளே ரிப்கா அழுதுகொண்டே—

முடிவு ஆ: ரிப்கா எல்லாரையும் சிரிக்க வைத்து— (சிரிப்புச் சத்தம் கேட்டது மெய். சிரித்தது யாரென்று தெரியாது.)

வெகு நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"என்ன புள்ள சொன்ன?"

"அது என்ட கதை நானா. உங்களுக்குச் சொல்ல ஏலா. எழுதிப் போடுவீங்க."

7

இரண்டு கிழமை கழித்து, காலையில் உப்புவெளிச் சந்தியில் அவள் டவுன் பஸ் ஏறினாள். நான் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். டவுனில் துறைமுகமும் இருக்கிறது, விமானத்துக்குப் போகிறவர்கள் ஏறுகிற கொழும்பு பஸ்ஸும் இருக்கிறது. அவள் கையில் ஒரு பை. பகல் சோறு மட்டும் வைக்கிற பையா, இரண்டு வருட உடுப்பு வைக்கிற பையா? நான் பார்த்தேன். எனக்குத் தெரியும்.

'அவள் கையிலிருந்த பை—' என்று எழுதத் தொடங்கிப் பேனையை மூடிவிட்டேன். அது அவளுடைய பை.

எவ்வளவு பெரிது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவளைப் படகில் மட்டும் ஏற்றாதீர்கள். அவளுக்குச் சத்தி வரும்.