மாமன் மடிக்கு ஒரு துணி டயப்பர்

என் மச்சான் மகாராஜா ரோஷக்காரர். எங்கள் கல்யாணப் பந்தியில் இலையில் சோறு விழுந்த பிறகு, வேறு யாருக்கோ இடம் வேண்டும் என்று என் சித்தப்பா அவரை எழுப்பிவிட்டார். "இனி உங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சிவகிரிக்குப் போனவர்தான். அதன் பிறகு சங்கரன்கோவிலில் எங்கள் வாசலை அவர் மிதிக்கவே இல்லை.

எங்கள் மகன் கோகுலுக்குக் காது குத்த வேண்டும் என்றால் தாய்மாமன் மடி வேண்டுமே. என் மனைவி காவியா போனில் அழுது அழைத்தாள். "மடி குடுக்க வாரேன். குத்தி முடிஞ்சதும் கிளம்பிருவேன், சாப்பிடச் சொல்லாத" என்றார். அண்ணனை எப்படியாவது ஒரு வாய் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பயமெல்லாம் கோகுலை நினைத்துத்தான்.

"எங்கண்ணன் பட்டு வேட்டியில இவன் மோண்டு வச்சான்னா, வந்த வழியே போயிருவாவ."

கடை டயப்பர் போட்டால் கோகுலுக்குத் தொடை சிவந்து தடித்துவிடும். துணி டயப்பர்தான் ஒரே வழி. ஆன்லைனில் பார்த்தால் ஒரு டயப்பர் விலைக்கு எனக்கு நல்ல சட்டையே எடுக்கலாம். ஆனால் நான் செல்போன் ரிப்பேர் கடைக்காரன். தெருவே என்னிடம்தான் ஆன்லைனில் மலிவாகத் தேடித் தரச் சொல்லும். விடுவேனா? விரல் தேயத் தேடியதில், ஒன்றின் விலைக்கு மூன்று தரும் கடை சிக்கியது. யானை, மாம்பழம், ஆட்டோ என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம் வேறு.

பார்சல் விசேஷத்தன்று காலையில்தான் வந்தது. காவியா பிரித்துத் தடவிப் பார்த்தாள். "என்ன, இவ்வளவு மெல்லிசா இருக்கு?"

நான் ஒன்றைக் கிண்ணம் போலப் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். அடியில் ஈரம்கூடத் தெரியவில்லை. "பாத்தியாட்டி? வாங்கத் தெரியணும்" என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை.

மச்சான் வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் நேரே மணையில் உட்கார்ந்து கோகுலை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் கோகுல் வீலென்று கத்தி, இரண்டு காலையும் விரித்து உதைத்தான். டயப்பர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. ஒரு சொட்டையும் கீழே விடாமல் காலையிலிருந்து அத்தனையையும் சேர்த்து வைத்திருந்தது. அவ்வளவும் தொடை இடுக்கு வழியாக ஒரே பாய்ச்சலாக மச்சான் மடிக்கு வந்தது.

மச்சானின் மனைவி பிரேமலதா ஓடி வந்து டயப்பரைத் தொட்டுப் பார்த்தார். "உள்ள வைக்கிற பேடு எங்க? வெறும் கவரை மட்டுமா மாட்டி விட்டிருக்கீய?"

ஈரத்தை உறிஞ்சும் அந்தப் பேடு தனியாக வாங்க வேண்டுமாம். அதையும் பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தார்கள். நான் விலையோடு நிறுத்திக்கொண்டேன்.

மச்சானால் எழுந்திருக்கவும் முடியாது; இன்னொரு காது பாக்கி இருந்தது. வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காவியா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே மருமவனே, மாமன் சாப்பிடாமப் போயிருவேன்னு நனைச்சு உக்கார வச்சிட்டியாலே!"

அடுத்த காதும் குத்தியானது. அழுத பிள்ளை மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வேறு யாரிடமும் வர மாட்டேன் என்றான். காவியா பட்டு வேட்டியை அலசி மாடியில் நிழலாகக் காயப்போட்டாள். என் வேட்டியைக் கட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் தெருவிலிருந்து மாடி வரை பிள்ளைக்கு வேடிக்கை காட்டிவிட்டு வந்தவர், யாரும் கூப்பிடாமலேயே இலை முன்னால் உட்கார்ந்தார்.

"மாப்ள, இன்னைக்கு எவன் வந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

சாம்பார் வாளியோடு நின்ற சித்தப்பா இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மச்சான் ரசத்துக்கும் சோறு கேட்டார், மோருக்கும் கேட்டார்.

காவியா மாடிக்குப் போய்விட்டு வந்தாள். "வேட்டி இன்னும் ஈரமாத்தான் இருக்குண்ணே."

"காயட்டும்ட்டி, என்ன அவசரம்" என்றார் மச்சான். பிள்ளையோடு மாடிக்குப் போனபோதே அது காய்ந்துவிட்டதை என் கண்ணெதிரே தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்தான் அவர்.