தை மாதக் கடிதம்

ஞாயிறு காலை கொருக்குப்பேட்டை வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். என் மாமியார் வரலட்சுமி கட்டில் ஓரத்தில். கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்க்கும் அவர் தம்பி மண்ணாங்கட்டி, பீடிக்காக வாசற்படியில். என் மனைவி அம்மு அரிசி புடைத்தபடி அடுப்பருகே. நான் பாயில், எதிரே கடிதக் கட்டு. வருஷம் 1950.

கடிதங்கள் மாமியாரின் பெரியம்மா நீலாயதாட்சி எழுதியவை. அறுபது வருஷத்துக்கு முன் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மருத்துவச்சியாகப் போனவர். முன்பணத்தைக் காட்டிக் கூலிகளை அடிமையாய்க் கட்டிவைக்கும் துண்டுச்சீட்டை ஒழிக்கவேண்டுமென்று கூட்டம் போட்டார், மனு எழுதினார், துரைமாரிடம் திட்டு வாங்கினார். மாதம் தவறாமல் தங்கைக்கும் எழுதினார்.

இப்போது அட்டன் தோட்டத்திலிருந்து வேலப்பன் என்பவர் எழுதியிருந்தார். தகப்பனார் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டினால்தான் அவருக்கு அங்கே குடியுரிமை. இல்லையென்றால் அவரும் பிள்ளைகளும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. தகப்பனார் இறந்துவிட்டார், பிறப்புப் பதிவும் கிடைக்கவில்லை. ‘1896 தை மாதம் அப்பா பிறந்தபோது பிரசவம் பார்த்தது உங்கள் நீலாம்மாதான். ஊருக்கு எழுதியதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். தபால் முத்திரையோடு அந்தக் கடிதத்தை அனுப்புங்கள்.’

தேதிவாரியாக அடுக்கினேன். மார்கழி இருந்தது. மாசி இருந்தது. தை இல்லை.

“தேடாதீங்க மாப்ளே,” என்றார் மாமியார். “நான்தான் கியிச்சேன்.”

அம்மு முறத்தைக் கீழே வைத்தாள்.

“எனுக்கு ஒம்போது வயசு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படிச்சி சொல்லுவேன். ஆம்பளப் புள்ள பொறந்துச்சு, பெத்தவ செல்லாயி பூட்டான்னு எயுதிக்கீது. சாவு சேதி வந்த காயிதத்த வூட்ல வெப்பாங்களா? வெளியவே கியிச்சிப் போட்டுட்டு வாடின்னா அம்மா. போட்டுட்டு, காலக் கயுவிக்கினு உள்ள வந்தேன்.”

“பொறந்த சேதியும் அதுலதான கீது! அத்த மட்டும் பிச்சி வெச்சா இன்னாக்கா?”

“நீ அப்ப தூளில மூத்திரம் வுட்டுகினு இருந்த. பேச வந்துட்டான்.”

மண்ணாங்கட்டி என் பக்கம் திரும்பினார். “மாப்ளே, ஒங்க எயுத்து முத்து முத்தா கீது. அந்தக் காலத்து வெத்துக் காயிதம் ஒண்ணு எட்து நீங்களே எயுதிடுங்களேன்.”

“முத்திரைக்கு எங்க மாமா போறது? அகப்பட்டா வேலப்பனுக்குத்தான் ஜெயில்.”

அவர் பீடியை அணைத்துவிட்டார்.

“நான் சொல்றத எயுதுங்க,” என்றார் மாமியார். “வரிக்கு வரி நெனப்பு கீது.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வரியைக்கூட அவர் திருத்தவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

“இத்த ஒத்துக்குவாங்களா?” என்றாள் அம்மு.

“பிரசவத்தை நேர்ல பாத்தவங்க சொல்லணும். இவங்க கடிதத்தைப் படிச்சவங்க மட்டும்தானே,” என்றேன்.

கூடவே வைக்கும் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்: ‘தாங்கள் கேட்ட கடிதம் எங்களிடம் இல்லை. வாக்குமூலம் வைத்திருக்கிறோம். பயன்படாமல் போனால் மன்னிக்கவும்.’

“இல்லன்னு எயுதினா எப்படி?” என்றார் மாமியார். “தொலஞ்சி பூட்ச்சின்னு நெனச்சிக்குவான். நான் கியிச்சேன்னு எயுதுங்க.”

“எதுக்கும்மா அது?” என்றாள் அம்மு.

“எயுதச் சொல்லு.”

எழுதினேன். உறையைக் கஞ்சிப் பசையால் ஒட்டி, திங்களன்று தண்டையார்பேட்டை தபாலாபீசில் ரிஜிஸ்தர் செய்து அனுப்பினேன்.