சதுக்கத்தின் நடுவில் நின்றவன்

படகு கரையைத் தொடுவதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்று ஒலிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் முதலில் இறங்க முண்டியடிக்கும் கூட்டம் அன்று வாயடைத்துப்போய்க் கம்பியோரம் நின்றது. லிஸ்பன் நகருக்கு முன்னால், தேஜு ஆற்றின் நடுவே ஒரு போர்க்கப்பல். அதன் பீரங்கிகள் ஊரைப் பார்த்தபடி இருந்தன. எதிரே டெரைரு சதுக்கத்தில், எந்நாளும் கார்கள் அடைத்துக் கிடக்கும் இடத்தில், ராணுவ வண்டிகள்.

"ரேடியோவுல யாரும் வெளிய வராதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கானாம்," என்றாள் பக்கத்தில் நின்ற மீன்காரி.

"அதான் ஊரே வெளிய வந்து நிக்குது," என்றார் ஒரு கிழவர். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒலிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கணவன் அர்மிந்து காவல் படையில் வேலை பார்ப்பவன். முந்தின நாள் மாலையே பணிக்குப் போய்விட்டான். மேட்டின் மேல், கார்மு சதுக்கத்தில் இருக்கிறது அந்தப் படையின் தலைமையகம். அரசாங்கத்துக்குக் காவல் நிற்பதுதான் அவர்கள் வேலை. ராணுவமே அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பிவிட்டால் யார் யார் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்பார்கள் என்று அவளுக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இறங்கியதும் ஒரு சிப்பாய் வழியை மறித்தான். இரவெல்லாம் வண்டியில் வந்த புழுதி அவன் புருவத்தில் படிந்திருந்தது.

"வீட்டுக்குப் போங்கக்கா. இன்னிக்கி வேலையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"யாரோட சண்டை?"

"யாரோடயும் வேணாம்னுதான் வந்திருக்கோம். ஆப்பிரிக்கச் சண்டையில செத்தது போதும்." அவன் அவள் பையைப் பார்த்தான். "சாப்பிட ஏதாச்சும் இருக்கா?"

மதியத்துக்கென்று எடுத்துவந்த ரொட்டியையும் எண்ணெயில் போட்ட மத்தியையும் அவள் கொடுத்தாள். அவன் நின்றபடியே தின்றான்.

"அடுத்து எங்க போவீங்க?"

"சொல்ற எடத்துக்கு," என்றான் அவன், வாய் நிறைய.

அப்போதுதான், "அக்கா!" என்று ஒரு குரல் கேட்டது. உலகத்தில் யார் அங்கே நிற்கக் கூடாதோ அவன், சதுக்கத்தின் நட்ட நடுவில், குதிரை மேல் இருக்கும் ராஜா சிலையின் படிகளில் ஏறி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் தம்பி டெல்ஃபின்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, கினியா போருக்குக் கப்பல் ஏற வேண்டிய நேரத்தில் அவன் ராணுவத்தை விட்டு ஓடிவிட்டான். பிரான்சுக்குப் போய்விட்டான் என்றுதான் ஊரில் எல்லாரும் நம்பினார்கள். அர்மிந்துவும் அப்படித்தான் நம்பினான். "என் கண்ணுல பட்டா பிடிச்சுக் குடுத்துட்டுத்தான் மறுவேல பாப்பேன்" என்று அவன் ஒருமுறை சாப்பாட்டு மேசையில் சொன்னான். ஒலிந்தா மறுபேச்சுப் பேசாமல் சூப்பை ஊற்றினாள். டெல்ஃபின் லிஸ்பனிலேயே, மொரரியா என்ற பழைய குடியிருப்பில், ஒரு ரொட்டி அடுமனையின் பின்னறையில் இருந்தான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே போனால் சந்துக்குள் சந்தாக, சுவரோடு சுவராகத்தான் போவான். சதுக்கங்களில் போலீஸ் நிற்கும். ஆகவே லிஸ்பனில் இரண்டு வருடம் இருந்தும் ஒரு சதுக்கத்தைக்கூட அவன் குறுக்கே கடந்ததில்லை.

"இறங்குடா, பாவி! யாராவது பாத்துட்டா?"

"பாக்கட்டுமே. யாரு பிடிப்பா? போலீஸ்காரன் ஒருத்தன் அந்த மூலையில தொப்பியக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போறான் பாரு." அவள் கையைப் பிடித்துப் படியில் ஏற்றினான். "இங்க நின்னு பாருக்கா. மூணு பக்கமும் எத்தன வளைவு! நாலாவது பக்கம் ஆறு. ஒரு சுவர் கிடையாது. நான் இத அந்தச் சந்து வாசல்லேந்து ஒரு கீத்து மாதிரிதான் பாத்திருக்கேன்."

பத்து வருடமாகத் தையல் கடைக்குப் போகும் அவசரத்தில் தலையைக் குனிந்தபடியே கடந்த இடம். ஒலிந்தா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். காலை வெயிலில் வளைவுகள் வரிசையாக ஒளிர்ந்தன. பெரிய வாயில் தோரணத்தின் உச்சியில் கல் தேவதைகள் நின்றன. அழகுதான். ஆனால் அவள் கண் ஜன்னல் ஜன்னலாகத்தான் போயிற்று. எந்த ஜன்னலில் துப்பாக்கி இருக்கிறது?

வண்டிகள் உறுமிக்கொண்டு தோரண வாயிலுக்குள் நுழைந்தன. பின்னாலேயே கூட்டம். டெல்ஃபின் அக்காவை இழுத்துக்கொண்டு நடந்தான். அவள் போயிருக்க வேண்டாம்தான். ஆனால் வண்டிகள் எங்கே போகின்றன என்று தெரியாமல் வீட்டில் போய் உட்காரவும் அவளால் முடியாது.

ரோசியு சதுக்கத்தில் தரையெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாகக் கல் பதித்திருக்கும். டெல்ஃபின் ஒரு கறுப்பு அலையைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து நடந்தான். நீரூற்றில் முகத்தை முக்கி எடுத்தான். பூக்காரிகள் சிப்பாய்களுக்குச் சிவப்புக் கார்னேஷன்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காபிக் கடைப் பணியாள் தட்டோடு வெளியே வந்து, "ராணுவத்துக்குக் காபி சும்மா!" என்று கூவினான்.

டெல்ஃபின் கையை நீட்டினான்.

"நீ என்ன ராணுவமா?"

"இருந்தேன். ஓடிட்டேன்."

பணியாள் ஒரு நொடி விழித்தான். அப்புறம், "அப்ப உனக்கு ரெண்டு," என்று இரண்டு கோப்பையை எடுத்துக் கொடுத்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இரண்டு வருடம் அவள் மூச்சுக் காட்டாமல் காத்த ரகசியத்தை அவன் நடுச் சதுக்கத்தில் போட்டு உடைத்ததும் ஒலிந்தா அவசரமாகச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அங்கேதான் அந்தச் சேதி வந்தது. தள்ளுவண்டிக்காரன் ஒருவன் மேட்டைக் காட்டிக் கத்தினான்: "பிரதமர் கார்முல ஒளிஞ்சிருக்கான்! காவல் படைக்காரங்களோட பாவாடைக்குப் பின்னாடி!"

ஒலிந்தா தம்பியின் சட்டையைப் பிடித்தாள். "உன் மச்சான் அங்கதாண்டா இருக்காரு."

"உன் புருஷன்," என்றான் டெல்ஃபின். "அவரு எந்தப் பக்கம் நிக்கணும்னு அவரேதான் முடிவு பண்ணாரு. நான் பண்ணலையா?"

"கல்யாணத்தப்ப மச்சான் மச்சான்னு அவரு தோள்லேயே தொங்கிக்கிட்டுக் கிடந்தியே."

அவன் காபிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு மேட்டுக்குப் போகும் படிகளில் ஏற ஆரம்பித்தான்.

கார்மு சின்னச் சதுக்கம். நடுவில் கல் மண்டபத்தோடு ஒரு பழைய நீரூற்று, சில மரங்கள், பக்கத்தில் கூரை இடிந்த பழைய மடாலயம். வேறு நாளாக இருந்தால் மர நிழலில் கிழவர்கள் சீட்டாடுவார்கள். அன்று இலை தெரியாமல் மரத்தில் ஆள் ஏறியிருந்தது. நீரூற்றின் மேல், கார்களின் மேல், எங்கும் ஆள். வண்டிகளின் துப்பாக்கிகள் எல்லாம் காவல் படைக் கட்டடத்தைப் பார்த்திருந்தன. கட்டடம் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஊமையாக நின்றது. டெல்ஃபின் ஒரு மரத்தில் தாவி ஏறி எல்லாரோடும் சேர்ந்து கத்தினான்: "வெளிய வா! வெளிய வா!" யாரோ, "கொளுத்துங்கடா உள்ளேயே!" என்றான். அதற்கும் கூட்டம் ஆரவாரித்தது. தம்பியின் வாய் அசைந்ததா இல்லையா என்று ஒலிந்தா பார்க்கவில்லை. பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

இயந்திரத் துப்பாக்கிக்குப் பின்னால் இருந்தவனை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் ரொட்டியைத் தின்றவன்.

"தம்பி, என் வீட்டுக்காரரு உள்ள இருக்காரு. மேல் மாடியில, இடது பக்கம் அவங்க படுக்கிற அறை. அந்தப் பக்கம் சுடாதப்பா."

அவன் முகம் கறுத்தது. "இங்க நிக்காதீங்கக்கா. ஒலிபெருக்கியில கெடு குடுத்தாச்சு."

"மேல தூக்கியாவது சுடேன்."

"சொன்ன எடத்துலதான் நான் சுடணும்." அவளைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னான்: "எங்களுக்கும் கொல்ற ஆசை இல்ல. போங்க."

சிறிது நேரத்தில் சுட்டார்கள். சதுக்கம் முழுக்கத் தரையில் படுத்தது. காரை பெயர்ந்து வெள்ளைப் புழுதி எழுந்தது. கண்ணாடிகள் உடைந்து கொட்டின. சத்தம் ஓய்ந்ததும் வந்த அமைதியை ஒலிந்தாவால் தாங்க முடியவில்லை. தான் எழுந்ததும் நடந்ததும் அவளுக்கே தெரியாது. சிப்பாய்களின் வரிசையைத் தாண்டி, கூட்டம் ஒதுங்கிவிட்டிருந்த வெற்றுத் தரையில், பெரிய கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"அர்மிந்து! என்னங்க! அர்மிந்து!"

"அம்மா, திரும்பு! பைத்தியமா நீ?" என்று யாரோ அலறினார்கள். பின்னால் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. டெல்ஃபின் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தன் உடம்பால் மறைத்து இழுத்தான். அந்தக் கணத்தில் அவள் நிமிர்ந்தாள். மேல் மாடியில் ஒரு ஜன்னல் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. அதில் ஒரு துப்பாக்கிக் குழல். அதன் பின்னால், புழுதி படிந்த அர்மிந்துவின் முகம்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவளைக் கட்டிப் பிடித்திருந்தவனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிரான்சில் இருக்க வேண்டியவன் அங்கே நிற்கிறான். மனைவி இரண்டு வருடமாகச் சொன்னதெல்லாம் பொய் என்று அவனுக்குப் புரிந்ததை அவளால் அந்தத் தூரத்திலிருந்தே காண முடிந்தது. குழல் மெல்ல உள்ளே போயிற்று. கதவு சாத்திக்கொண்டது.

பொழுது சாயும் நேரத்தில் கட்டடம் பணிந்தது. மூடிய கவச வண்டியில் பிரதமரை ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட்டம் அழுதது, பாடியது, முன்பின் தெரியாதவர்களை முத்தமிட்டது. காவல் படைக்காரர்களை மட்டும் வெளியே விடவில்லை. ஒலிந்தா நீரூற்றின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாக்கா, ரகசியப் போலீஸ் ஆபீசுக்குப் போறாங்க எல்லாரும். ரெண்டு தெரு தள்ளித்தான்," என்றான் டெல்ஃபின்.

"வேணாண்டா. போதும் இன்னிக்கி."

"எனக்குப் போதலையே," என்றான் அவன் சிரித்தபடி. அவள் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனான்.

வெளிச்சம் மங்கியதும் அந்தப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. கார்முவில் இருந்தவர்கள் கொண்டாட்ட வேட்டு என்று நினைத்தார்கள். ரகசியப் போலீஸ்காரர்கள் ஜன்னலிலிருந்து கூட்டத்தைச் சுட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தெருவில் செத்தவர்களும் உண்டு. டெல்ஃபினுக்கு இடுப்பெலும்பில் குண்டு.

மறுநாள் மதியம் அர்மிந்து வீட்டுக்கு வந்தான். சீருடையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, உள்சட்டையோடு அடுக்களையில் உட்கார்ந்தான். ஒலிந்தா அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள்.

"ரெண்டு வருஷம்," என்றான்.

"நீங்கதானே பிடிச்சுக் குடுப்பேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்." நாற்காலியில் கிடந்த சீருடையைப் பார்த்தான். "குடுத்திருப்பேனா என்னன்னு எனக்கே தெரியல, ஒலிந்தா. நீ மட்டும் தெரிஞ்ச மாதிரி நடந்துக்கிட்ட. அதுதான்."

ஞாயிற்றுக்கிழமை அவனாகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டான். வழியில் ஆரஞ்சு வாங்கினான். டெல்ஃபின் வெளுத்துப்போய்க் கிடந்தான். நடப்பான், ஆனால் நேராக நடக்கமாட்டான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. அர்மிந்து ஓர் ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்தான்.

"கதவுக்கு முன்னாடி எதுக்குடா ஓடி வந்த?"

"அக்காவ இழுக்க."

"ஒருத்தன் கதவப் பாத்து ஓடி வர்றான்னுதான் எனக்குத் தெரிஞ்சுது. உன்னத்தான் குறி வச்சிருந்தேன். நீன்னு தெரியாது."

ஒலிந்தா கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டாள். டெல்ஃபின் கூரையைப் பார்த்தபடி கேட்டான்: "நான்தான்னு தெரிஞ்சப்புறம்?"

"கதவச் சாத்திட்டேன்."

"அது நான் இல்லாம வேற ஒருத்தனா இருந்திருந்தா, மச்சான்?"

அர்மிந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றான். ஒலிந்தா தம்பியின் வாயில் ஒரு சுளையை வைத்தாள். அவன் மெல்லாமல் வெகுநேரம் வைத்திருந்தான்.

அந்த மே மாதம் முழுக்க டெல்ஃபின் அவர்கள் வீட்டில்தான் கிடந்தான். வேறு போக்கிடமும் இல்லை. அர்மிந்து தன் கட்டிலை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான். காலையில் கக்கூஸுக்கு அவனைத் தாங்கிக் கூட்டிப்போனான், முகம் மழித்துவிட்டான், பிறகு அதே சீருடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். ஊரில் எல்லாரும் எல்லாவற்றையும் பற்றி உரக்கப் பேசிய மாதம் அது. இவர்கள் இரண்டு பேரும் ஏதாவது பேசிக்கொள்கிறார்களா என்று ஒலிந்தா அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். அடுத்த அறையிலிருந்து சவரக் கத்தியைத் தண்ணீரில் அலசும் சத்தம் மட்டும் வரும்.