அழகன் பாடியது

துஷாந்த் கட்டிலுக்கடியில் கையை விட்டு லெப்டொப்பை இழுத்தபோது, வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் அழகனின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குப் புது வேட்டி எடுக்க உள்ளே வந்த தங்கை சுலக்ஷனா அப்படியே நின்றாள்.

"தங்கச்சி, இத ஒருக்கா தொறந்து காட்டு. கடைசிப் பாட்டு இதுக்குள்ளதான் இருக்கு."

அந்தப் பாட்டைத் துஷாந்த் அடுத்த வாரம் கொழும்பு மேடையில் பாட வேண்டும். மெட்டும் தாளமும் அழகன் போடுவான். மேடையில் துஷாந்தின் பெயரை மட்டும் சொல்வார்கள். லயத்து வீடுகளின் முனையில் கட்டியிருந்த அஞ்சலிப் பதாகையிலும் துஷாந்தின் படம்தான் பெரிது. பக்கத்தில் அழகன், ஒருநாளும் போட்டிராத கறுப்புக் கண்ணாடியோடு.

மூடியைத் திறந்தும் திரை இருட்டாகவே கிடந்தது. அது உடைந்து வெகுகாலம். ஹட்டன் கடைக்காரர் மாற்றித் தருவதாகச் சொன்னபோது அழகன் சிரித்தான்: "எனக்கு எதுக்குங்க? அது எரியிற கரண்டாவது மிஞ்சட்டும்."

திரையில் உள்ளதைக் கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் குரல் பேசத் தொடங்கியது. தகரத்தில் மழை கொட்டுவதுபோல இங்கிலீஷ். அழகனுக்கு அந்த வேகம்தான் பிடிக்கும். துஷாந்த் எதை எதையோ தட்டினான். தட்டத் தட்ட அது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது.

"என்ன எழவு சொல்லுது இது? ஒனக்கு வெளங்குமா?"

பலகைத் தடுப்புக்கு மறுபக்கம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தூங்கி எழுந்தவள் அவள். அம்புக்குறியை அழுத்தினாள். பாட்டில் உள்ள ஒவ்வொரு ஒலிக்கும் அண்ணன் வைத்த பெயரை அது வாசித்தது. மேளம். புல்லாங்குழல். பிறகு, "துஷாந்த், மியூட்." அடுத்தது, "அழகன்."

அம்மா ஏசும்போதெல்லாம் அழகன் தங்கையின் முழங்கையை இடித்து, "மியூட் பண்ணுடி" என்பான். மியூட் என்றால் வாயை அடைப்பது.

அவள் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தாள். துஷாந்த், மியூட். அழகன். அந்த வேகத்தில் தன் பெயர் வந்து போனது துஷாந்தின் காதில் பிடிபடவில்லை.

"என்ன சொல்லுது?"

"வெளங்கலண்ணே."

யாரோ வந்து வேட்டியை வாங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே பெட்டியைத் தூக்கக் கூப்பிட்டார்கள். "பத்திரமா வையி. பொதச்சிட்டு வந்து எடுத்துக்கிறேன். கொழும்புல ஒருத்தன் இருக்கான், அவன் பாத்துக்குவான்" என்று சொல்லிக்கொண்டே துஷாந்த் போனான்.

ஆண்கள் தேயிலைக்கு நடுவே இறங்கினார்கள். முன்னால் போன ஒலிபெருக்கியில் துஷாந்தின் பழைய பாட்டு. பெண்கள் வீடு கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள்.

அண்ணன் பாடி அவள் கேட்டதேயில்லை. அவன் சின்ன வயதில் ஒருமுறை ரயிலில், கண் தெரியாத ஒருவர் பாடிக்கொண்டு கை நீட்டியதை அம்மா பார்த்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள்: "நீ வாயத் தொறந்து பாடக்கூடாது. கண்ணில்லாதவன் பாடினா சனம் சில்லறையத்தான் தேடும்." அதற்குப் பிறகு அழகன் மெட்டுப் போட்டான், அடுத்தவர்கள் பாடினார்கள். அம்மா கொழுந்து பறிக்கவும் அவள் கடை வேலைக்கும் போன பகல்களில் இந்த அறையில் என்ன நடந்ததென்று யாருக்கும் தெரியாது.

சுலக்ஷனா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். பாட்டை ஓடவிடும் நீளமான கட்டையை அழுத்தினாள்.

முதலில் ஒரு இருமல். பிறகு மேளம். பிறகு கனமான, அவசரமில்லாத ஒரு குரல்.

அம்மாவின் கையிலிருந்த விளக்குமாறு நின்றது. வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நல்லாத்தான் பாடுறான்" என்றாள். "துஷாந்தா?"

தண்ணீர் கட்டில் காலைத் தொட்டிருந்தது. சுலக்ஷனா லெப்டொப்பை மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டினாள்.