திமிங்கலம் மூச்சு விடுவதற்கு முன்

…அப்படியெல்லாம் ஒரு லிஃப்ட் விழவே விழாது, ஒரு கயிறு அறுந்தால் மீதிக் கயிறுகள் தாங்கும், எல்லாமே அறுந்து தொலைந்தாலும் அடியில் இருக்கிற பிரேக் பக்கத்து இரும்புத் தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், இருபது வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் சொல்கிறேன், ஆனால் போன வாரம் பார்த்த சூப்பர்ஹீரோ படத்தில் ஐம்பதாவது மாடியிலிருந்து லிஃப்ட் கல்லு மாதிரி விழுகிறது, நாயகன் பறந்து வந்து ஒற்றைக் கையால் தாங்குகிறான், தியேட்டரே கைதட்டுகிறது, நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மாமனார். அவருக்கு லிஃப்டைப் பற்றிக் கவலையில்லை, சீருடை தைக்கிற கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் கண்ணெல்லாம் நாயகனின் உடுப்பு மேல்தான். இதுல ஜிப் எங்க மாப்ளே, எப்படி மாட்டுவான், எப்படிக் கழட்டுவான், அவசரத்துக்கு என்ன பண்ணுவான்… உலகம் அழிகிற நேரத்தில் காதோரம் இப்படிக் கேட்டால் மனுஷன் எப்படிப் பயப்படுவது?

இன்றைக்கு நல்லவேளையாக அனிமேஷன் படம், குறட்டை விடுகிற திமிங்கலம் ஒன்று, அதனால் கடலில் ஒருத்தருக்கும் தூக்கமில்லை, யாருக்கும் தொந்தரவில்லாத இடம் தேடி அது தனியாகக் கிளம்புகிறது. எனக்கு இதுதான் பிடிக்கிறது, சூப்பர்ஹீரோ படத்தில் பாதி ஊரை இடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், மறுநாள் யார் கூட்டிப் பெருக்குவது என்று யாரும் கேட்பதில்லை, செத்தவன் அடுத்த பாகத்தில் தலை சீவிக்கொண்டு திரும்பி வருகிறான், இதில் அப்படியில்லை, ஒரு நண்டு நடந்தால்கூட எந்தக் காலை முதலில் வைக்கும் என்று எவனோ ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான்… படத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன், இடைவேளையும் முடிந்துவிட்டது, விளக்கையும் அணைத்துவிட்டார்கள், சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. இன்னிக்குச் சொல்லிடுங்க, நான் சொன்னா சண்டையில முடியும், நீங்க சொன்னா அப்பா கேப்பாரு… காலையில் செருப்பு மாட்டும்போது மனைவி சொல்லி அனுப்பியது. அத்தை போய் இரண்டு வருஷம், மாமா அந்த இரண்டு அறை வீட்டில் தனியாகவே இருக்கிறார், எங்களோடு வந்து இருங்கள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான், சின்ன அறைக்குப் பெயிண்ட்கூட அடித்தாயிற்று. ஆனால் மாட்டேன் என்றுவிட்டால்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர் இல்லை, ஆனாலும் அதற்கப்புறம் இந்தச் சனிக்கிழமைகள் இப்படி இருக்குமா? கல்யாணமாகிப் பத்து வருஷம் அவரும் நானும் சாப்டீங்களா, சாப்டேன் என்பதைத் தாண்டியதில்லை. அத்தை இறந்தபின் மனைவிதான், அப்பா தனியா இருக்காரு, சனிக்கிழமை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க என்றாள், எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் சினிமாவுக்குக் கூட்டிவந்தேன், அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு…

திரையில் திமிங்கலம் அசையாமல் கிடக்கிறது. குட்டி மீன்கள் சுற்றி நிற்கின்றன, இசையையும் நிறுத்திவிட்டார்கள், தியேட்டரில் பாப்கார்ன் மெல்லுகிற சத்தம்கூட இல்லை, முன் வரிசையில் ஒரு பாப்பா விசும்புகிறது, அந்த நேரம் பார்த்து மாமா க்ளுக்கென்று சிரித்தார். முன்னாலிருந்து இரண்டு பேர் திரும்பி முறைத்தார்கள். ஒரு நொடி, இரண்டு நொடி, அப்புறம்தான் திமிங்கலம் இடி மாதிரி ஒரு குறட்டை விட்டது, தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இவருக்கு எப்படி முன்னாலேயே தெரியும்? அப்புறம் படத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன், ஆக்டோபஸ் வழுக்கி விழுவதற்கு முன்பே அவர் வாய் கோணுகிறது, சுறா வருவதற்கு முன்பே நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிக்கிறார்…

வெளியே வந்து படியிறங்கும்போது கேட்டேன், மாமா, இந்தப் படத்த ஏற்கெனவே பாத்துட்டீங்களா? கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டு படி இறங்கினார். நேத்து மத்தியானம் பாத்தேன் மாப்ளே. வீட்டுல தனியா பொழுது போகல, எல்லாப் படத்தையும் வெள்ளிக்கிழமையே வந்து பாத்துடுவேன், மறுபடி உங்களோட ஒரு தடவை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, பின்ன எதுக்கு மாமா வரீங்க, சொல்லியிருந்தா வேற எங்கயாவது போயிருக்கலாமே? அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார், சொல்லலாமா வேண்டாமா என்பது போலப் பார்த்தார். உங்க வீட்டம்மாதான் சொன்னா, அவருக்குப் பேச ஆளே இல்லப்பா, வேலை விட்டா வீடுதான், நீங்க கொஞ்சம் துணைக்குப் போங்கன்னு… அதான்.

படியில் அப்படியே நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர் ஒதுங்கிப் போனார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, கெட்டிக்காரி, இரண்டு வருஷமாக ஒருத்தரை ஒருத்தர் கட்டி மேய்க்க விட்டிருக்கிறாள். சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லியும் விட்டேன், எங்களோடயே வந்து இருந்துடுங்க மாமா. அவர் மீதிப் படிகளை இறங்கி முடித்தார். வந்துட்டா தினமும் பாத்துக்குவோம், அப்புறம் சனிக்கிழமை இவ்வளவு பேச என்ன இருக்கும் மாப்ளே, யோசிச்சுச் சொல்றேன் என்றார், குரலில் மறுப்பில்லை, சம்மதமும் இல்லை. நான் நடந்துகொண்டே மனைவியிடம் எப்படிச் சண்டை போடுவது என்று தயார் செய்கிறேன், எனக்கா பேச ஆளில்லை, சூப்பர்வைசர் இருக்கிறார், சரி, அவர் அதிகாரி, கூட வேலை செய்கிற எலெக்ட்ரீஷியன், தங்கமான மனுஷன், ஆனால் அவன் வீடு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது, பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் நெட்டையன், அவனோடு கடைசியாகப் பேசியபோது அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை… விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன், முதல் விரலிலேயே மாமா வந்து நிற்கிறார், அவரோ பக்கத்தில் அந்த ஆக்டோபஸுக்கு எட்டுக் கை வைத்து எப்படிச் சட்டை தைப்பது என்று கேட்டுக்கொண்டே வருகிறார், நான் இரண்டாவது விரலை மடக்காமல் பிடித்தபடி…