இடுப்புப் பட்டை

“சக்கரம் படி ஏறாதும்மா. எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதுகுல மாட்டற பையாவே காட்டு.”

அக்கா இப்படிச் சொன்னதும் கடைப்பெண் சக்கரப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு பைகளை மேசைமேல் வைத்தாள். ஒன்று சாம்பல் நிறம். பெட்டிபோல முழுதாகத் திறந்தது, இடுப்பில் கட்டிக்கொள்ளப் பட்டை இருந்தது. மற்றது கறுப்பு. வாய் மேல்பக்கம் மட்டும், பட்டை கிடையாது, கையில் எடுத்தால் மடித்த துணிபோல இருந்தது.

“ரெண்டையுமே ஃப்ளைட்டுக்குள்ள கொண்டு போகலாம்க்கா. டூரா? மலையா, கடலா?”

“ரெண்டும் இல்ல. நானும் என் தம்பியும் ஆளுக்கொரு கட்டில்ல படுக்கப் போறோம்.”

பெண் சிரித்தாள். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்திருப்பாள். அடுத்த வாரம் வேறொரு நகரத்து மருத்துவமனையில் அக்காவின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து எனக்கு வைக்கப்போகிறார்கள். அம்மா என்னோடு அங்கேயே தங்குவாள். அக்கா மட்டும் முன்னதாகத் திரும்ப வேண்டும். அத்தான் கப்பலில் இருக்கிறார்; பிள்ளையை மாமியாரிடம் எத்தனை நாள் விட முடியும்? தையல் ஆறும்வரை அவள் பாரம் தூக்கக் கூடாது. பெட்டியை லக்கேஜில் போட்டால், இறங்கிய இடத்தில் அதை யார் தூக்கித் தருவார்கள்? அதனால்தான் கூடவே எடுத்துப்போகும் சின்னப் பை.

கறுப்புப் பையை நான் எடுத்து இடது தோளில் மாட்டப் போனேன். அக்கா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“டேய், அந்தக் கையிலதான் டயாலிசிஸுக்கு ஊசி குத்தணும். அதுல பாரம் ஏத்தாதன்னு எத்தனை தடவை சொல்றது? மகாராஜா ஓரமா நின்னு வேடிக்கை பாருங்க, போதும்.”

கடைப்பெண் சாம்பல் பையில் இரண்டு மணல் பொட்டலங்களைப் போட்டு அக்காவின் முதுகில் ஏற்றினாள். பட்டையை முன்னால் கொண்டுவந்து பூட்டி இழுத்தாள்.

“இங்க இறுக்கிட்டா தோள்ல பாரமே தெரியாதுக்கா. எல்லாம் இடுப்பு தாங்கிக்கும்.”

ஆளுயரக் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். அவளுடைய இடது கை தானாகப் பட்டைக்கு அடியில் நுழைந்தது. எங்கே கீறுவார்கள் என்று மருத்துவர் விரலால் கோடு இழுத்துக் காட்டிய இடம். கை அங்கேயே நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் இருந்தவள் தெரியாத ஊர் ஒன்றில் தனியாக இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பவள்போல இருந்தாள்.

“உறுத்துதாக்கா?”

“இப்ப இல்ல.”

பெண் பட்டையைக் கழற்றினாள். அக்கா கேலியாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கறுப்புப் பையை மறுபடி கையில் எடுத்தாள்.

பரிசோதனைகள் எல்லாம் பொருந்திவிட்டன என்று தெரிந்த நாளில் வீடே அழுது சிரித்தது. அக்காவிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மருத்துவர் அவளைத் தனியாக அழைத்து, கடைசி நிமிடம்வரை வேண்டாம் என்று சொல்லலாம், காரணத்தை வீட்டாருக்குத் தெரியவிடமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார். அதையும் அவளே வந்து சொன்னாள். “நல்ல மனுஷன்டா, தப்பிச்சு ஓட வழி சொல்லித் தர்றார்.” நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு வாழ ஆசையாக இருந்தது. அவள் முகத்தை அப்போது உற்றுப் பார்த்திருந்தால், உனக்குச் சம்மதம்தானா என்று கேட்டாக வேண்டியிருந்திருக்கும்.

“பட்டை வேணாம். கறுப்பையே பில் போட்டுடும்மா,” என்று அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

நான் பின்னாலேயே போய், வலது கையால் பையின் வாரைப் பிடித்தேன். அவள் திரும்பாமல் நின்றாள்.

“அக்கா, உனக்குப் பயமா இருந்தா என்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். அந்தப் பையை மட்டும் இருந்த எடத்துலயே வச்சிடு.”