கொண்டாடாத கோல்கள்

அந்த அணியில் கோல் அடித்த எவளும் சிரிப்பதில்லை. பந்து வலைக்குள் போனதும் அடித்தவள் தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்கு நடந்து வருவாள். மற்றவர்கள் அவள் தோளைக்கூடத் தொட மாட்டார்கள். யங்கோனின் தொழிற்பகுதியான லைங் தாயாவின் ஆயத்த ஆடை ஆலைகளுக்கு இடையே நடந்த, ஃபுட்சால் என்னும் ஐவர் கால்பந்தின் பெண்கள் போட்டியில் அந்த வருடம் எல்லோர் கண்ணிலும் பட்ட விஷயம் இது. சாவு வீட்டிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி ஆடுகிறார்கள் என்று மற்ற ஆலைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. யங்கோனில் அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்காமல் இருக்க எல்லோரும் பழகியிருந்தார்கள்.

காரணம் தின்சா. அதே அணியில் கோல் காத்தவள். ராணுவ ஆட்சியை எதிர்த்து ஃபேஸ்புக்கில் எழுதிய நாலு வரிக்காக விடுதிக்கே வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். இப்போது இன்செய்ன் சிறையில் இருக்கிறாள். அவளைப் பிடித்த வாரம் அணித்தலைவி மா கேதி எல்லோரையும் துணிக்கிடங்குக்குள் கூட்டி, மெதுவான குரலில் ஒரு யோசனை சொன்னாள். கொடி பிடிக்க முடியாது, எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரலைத் தூக்க முடியாது. ஆனால் சிரிக்கவில்லை என்பதற்காக யாரையும் சிறையில் போட முடியாது. தின்சா வெளியே வரும்வரை எந்தக் கோலையும் கொண்டாடுவதில்லை. சரி என்று முதலில் கையை நீட்டியவள் ஸமீரா.

ஸமீராவுக்கு இருபத்து நான்கு வயது. ஆலையில் தையல் சரிபார்க்கும் வேலை, அணியில் இடப்பக்க முன்கள ஆட்டம். வீடு போட்டாதாங்கில், படகுத்துறைக்கு அருகே. அவளுடைய வாப்பா முத்து முகம்மது அங்கே கயிறும் தார்ப்பாயும் விற்கிறார். அவருடைய பாட்டனார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அந்தப் பருவத்தில் அணியிலேயே அதிக கோல் அடித்தவள் ஸமீராதான். ஒவ்வொரு முறையும், உள்ளே பொங்கி வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, வாயை இறுக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள்.

அரையிறுதி தாகேதாவில் நடந்தது. செயற்கைப் புல் விரித்து நாலு பக்கமும் வலை கட்டிய சின்னத் திடல். வலைக்கு வெளியே ஆட்கள் மூச்சு மேலே படும் அளவுக்கு நெருங்கி நிற்பார்கள். ஆட்டம் சூடு பிடித்ததும் எதிரணி ஆதரவாளர்களில் சில ஆண்கள் ஸமீராவைப் பார்த்து "கலா மா" என்று கத்தத் தொடங்கினார்கள். தமிழில் கலா என்பது பெண்ணுக்கு ஆசையாக வைக்கும் பெயர். பர்மியத்தில் இந்திய வழி வந்தவர்களின் முகத்துக்கு நேரே எறியும் வசை. கலாப் பெண்ணே, கப்பலேறு. ஒருவன் தொடங்க, இருபது பேர் கைதட்டித் தாளம் போட்டார்கள். நடுவருக்குக் காது கேட்காமல் இருக்க வழியில்லை.

இடைவேளையில் ஸமீரா மா கேதியிடம் போனாள். கேதி அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். ஆலையில் யாருக்கு எந்தத் தொல்லை வந்தாலும் முதலில் போய் நிற்பவள். அந்த நம்பிக்கையில்தான் கேட்டாள். இரண்டாம் பாதி தொடங்கும்போது ஒரு நிமிடம் எல்லோரும் ஆடாமல் நிற்கலாமா?

"இப்ப வேண்டாம்," என்றாள் கேதி. "முதல்ல நாடு. அது சரியானா எல்லாம் சரியாகும். இனம், மதம்னு பிரிஞ்சு நின்னா அவங்களுக்குத்தான் லாபம்."

ஸமீரா தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஆனால் நெஞ்சு ஆறவில்லை. தின்சாவுக்காகச் சிரிக்காமல் இருக்கத் தன்னை யாரும் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கவில்லையே என்ற நினைப்பு வந்தது. அதைத் தள்ளினாள். மறுபடியும் வந்தது.

இரண்டாம் பாதியில் முதல் கோலை அவர்கள் அணியின் ஏ பியூ அடித்தாள். அடித்தவள் அந்த வேகத்திலேயே ஷ்வேடகோன் புத்த கோபுரம் இருக்கும் திசையில் மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றியைத் தரையில் வைத்து வணங்கினாள். கூட்டம் கைதட்டியது. நடுவரும் பொறுமையாகக் காத்திருந்தார். கேதி ஓடிப்போய் அவளைக் கைகொடுத்துத் தூக்கி முதுகில் தட்டினாள். ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் பந்து ஸமீராவின் காலுக்கு வந்தது. ஒருத்தியைத் தாண்டினாள், கோல்காரியின் கைக்குக் கீழே தட்டிவிட்டாள். கலா மா என்ற கூச்சல் இன்னும் நின்றபாடில்லை. அவள் எதையும் திட்டமிடவில்லை. முழங்கால் தானாக மடிந்தது. மேற்கே, மக்கா இருக்கும் திசையில் திரும்பி ஸஜ்தா செய்தாள். நெற்றி பட்ட இடத்தில் புல்லுக்கடியில் கிடந்த ரப்பர் துகள்கள் வெயிலில் கொதித்துக் கிடந்தன. அந்தச் சூட்டில்தான், இந்தப் பருவத்தில் முதல்முறையாக, தான் ஒரு கோல் அடித்ததாக அவளுக்குத் தோன்றியது.

எழுந்தபோது நடுவர் மஞ்சள் அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார். அரசியல், மதச் சைகைகளுக்குப் போட்டியில் தடை என்றார். வலைக்கு வெளியே ஊளைச் சத்தம். தன் அணிப் பெண்களைப் பார்த்தாள். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஆட்டத்தில் வென்றார்கள். உடைமாற்றும் அறையில் கேதி ஸமீராவின் பக்கம் திரும்பினாள்.

"வாக்கை உடைச்சிட்ட."

"ஏ பியூ?"

"அவ கும்பிட்டது பழக்கத்துல. நீ செஞ்சது வேணும்னே."

மூலையில் ஏ பியூ காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். அவிழ்த்த கயிற்றையே மறுபடி அவிழ்த்தாள்.

யாரோ எடுத்த வீடியோ அன்று மாலையே ஃபேஸ்புக்கில் ஏறியது. ஃபேஸ்புக்குக்குத் தடை இருந்தாலும் ஊரே விபிஎன் போட்டுப் பார்க்கிறதே. ஏ பியூவின் வணக்கம் அதில் இல்லை. ஸமீரா கீழே வந்த கருத்துகளைப் படிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்தாள். ராணுவத்தின் ஆட்கள் திட்டியது அவளைப் பெரிதாகப் பாதிக்கவில்லை, அது எதிர்பார்த்ததுதான். மைதானத்தில் மூன்று விரலைத் தூக்கிய வீரர்களை அன்றைக்கு நாட்டின் மானம் என்று கொண்டாடியவர்கள் இன்றைக்கு, விளையாட்டில் மதத்தைக் கொண்டுவராதே என்று எழுதியிருந்தார்கள். பேச்சுரிமைக்காகவே ஒரு பக்கம் நடத்திய ஒருவர், இடம் கொடுத்தால் இப்படித்தான் என்று முடித்திருந்தார். அவர் தின்சாவை விடுதலை செய்யச் சொல்லி எழுதியவர். ஸமீரா அந்தப் பதிவை அன்றைக்குப் பலருக்கு அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் போட்டிக் குழுவின் விசாரணைக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. பயிற்சியாளர் உதயசூரியன் அவளைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தார். அணியில் எல்லோரும் அவரை 'சயா' என்பார்கள், பர்மியத்தில் வாத்தியார் என்று பொருள். அவருக்கு ஆலையில் ஒரு பர்மியப் பெயர் உண்டு. அவருடைய தமிழ்ப் பெயர் அணியில் ஸமீராவுக்கு மட்டும்தான் தெரியும்.

"கால் இடறிருச்சு, விழுந்துட்டேன்னு சொல்லிரும்மா," என்றார் தமிழில், அக்கம்பக்கம் பார்த்தபடி. "வீடியோவுல பாத்தா அப்படியும் தெரியும். மன்னிப்புக்கூடத் தேவையில்ல."

"நீங்க அப்படிச் சொல்லுவீங்களா சயா?"

அவர் தேநீரைக் கலக்கினார். "நான் பொறந்ததுலேர்ந்து இடறிக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றார்.

விசாரணை திடலுக்கு மேலே இருந்த சின்ன அறையில் நடந்தது. மின்சாரம் இல்லை, கீழே ஜெனரேட்டர் அதிர, மேசை நடுங்கிக்கொண்டிருந்தது. குழுவின் தலைவர் ஊ மியிந், கூட இன்னும் இரண்டு பேர். அணித்தலைவி என்பதால் கேதியும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஸமீரா இடறியதாகச் சொல்லவில்லை. ஸஜ்தா செய்தேன், நன்றி சொன்னேன், அவ்வளவுதான் என்றாள். அதே ஆட்டத்தில் ஏ பியூவும் வணங்கினாளே, அவளுக்கு ஏன் அட்டை இல்லை என்று கேட்டாள்.

"அது மரபு," என்றார் ஊ மியிந், குழந்தைக்குச் சொல்வது போல. "மதம் இல்லை."

பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வேறொன்றைக் கேட்டார். குரல் மாறவில்லை, ஆனால் அறையில் ஏதோ மாறியது.

"இந்தப் பருவம் முழுக்க உங்க அணி கோல் அடிச்சிட்டுப் பொணம் மாதிரி நடந்து வருது. எனக்கும் கண்ணு இருக்கு. அது என்ன? அன்னைக்கு மட்டும் உனக்கு ஏன் சந்தோஷம் வந்தது?"

கேதி அசையவில்லை. மடியில் வைத்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்ததை ஸமீரா பார்த்தாள். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஏ பியூவும்தான் வாக்கை உடைத்தாள், என்னை மட்டும் ஏன் இப்படி நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தில் அணி முழுவதும் தின்சா இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். தன் பக்கம் ஒரு நிமிடம் நிற்காதவர்களுக்காகத் தான் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, சுள்ளென்று கோபம்தான் வந்தது.

"நாங்க எல்லாரும் ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்றோம் சயா," என்றாள். "குதிக்கத் தெம்பு இருக்காது. அன்னைக்கு எனக்கு லீவு."

ஊ மியிந்துக்குப் பக்கத்திலிருந்தவர் சிரித்துவிட்டார். இறுதி ஆட்டத்தில் ஆடத் தடை என்று முடித்தார்கள்.

படியிறங்கும்போது கேதி பின்னாலேயே வந்து நன்றி சொன்னாள். ஸமீரா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இறுதி ஆட்டத்துக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கால் தரிக்கவில்லை. கடைக்கும் அடுப்படிக்கும் நாலு தரம் நடந்துவிட்டு, கடைசியில் பேருந்து ஏறிவிட்டாள். வலைக்கு வெளியே தன் ஆலைக்காரர்களோடு நின்றாள். எதிரணியின் கோல்காரி தாகேதாவைச் சேர்ந்த தமிழ்மணி. நெற்றியில் வியர்வையில் பாதி அழிந்த திருநீறு, நல்ல கறுப்பு நிறம், பூனை மாதிரிப் பாய்ச்சல். அவளைத் தாண்டி ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. ஸமீராவின் அணி ஒரு கோல் பின்தங்கியது.

அப்போது அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. கலா மா. கப்பலேறு. இந்த முறை அது ஸமீராவின் பக்கத்திலிருந்து வந்தது. இஸ்திரிப் பிரிவு ஆண்கள் தொடங்கினார்கள், தையல் வரிசைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். தினமும் அவளோடு சோற்றுப் பாத்திரத்தைப் பகிர்ந்து சாப்பிடும் ஒருத்தி கைதட்டிக்கொண்டிருந்தவள், ஸமீராவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள்.

"உன்னைச் சொல்லல," என்றாள். "அவளை."

ஸமீரா கையை உதறிவிட்டு ஆட்களைத் தள்ளிக்கொண்டு வலை ஓரமாகவே நடந்தாள். பந்து கோட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தது. உள்ளே உதைத்துவிட மா கேதி ஓடி வந்தாள். இருவருக்கும் நடுவில் வலை மட்டும்தான்.

"மா கேதி, கேக்குதா?"

"கேக்குது."

"இவங்க நம்ம ஆளுங்க."

நாலு நொடிக்குள் உதைக்க வேண்டும், நடுவர் எண்ணத் தொடங்கிவிட்டார். கேதி பந்தைக் கோட்டின் மேல் வைத்தாள். ஒரு அடி பின்னால் போனாள். உதைப்பாள் என்றுதான் ஸமீரா நினைத்தாள். கேதி குனிந்து பந்தை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நடுவர் ஊதினார். பந்தைக் கொடு என்றார். அவள் கொடுக்கவில்லை. அவர்கள் நிறுத்தட்டும், தருகிறேன் என்றாள். மஞ்சள் அட்டையைக் காட்டினார், அப்படியே உட்கார்ந்திருந்தாள். அணியில் ஒருத்தி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏ பியூ இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டே இருந்தாள். உதயசூரியன் திடலோர பெஞ்சிலிருந்து ஓடி வந்தார். கேதியை எழுப்பத்தான் வந்தார் போலிருக்கிறது. பக்கத்தில் வந்ததும் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார், ஸமீராவைப் பார்த்தார், அப்படியே திரும்பிப் போனார்.

கத்தியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தங்கள் தலைவியே தங்களுக்கு எதிராக உட்காருவாள் என்று யார் கண்டார்கள்? சத்தம் பிசுபிசுத்து அடங்கியது. கேதி எழுந்து பந்தை எதிரணியிடம் கொடுத்தாள். ஆட்டம் தொடர்ந்தது. அந்த ஒரு கோலிலேயே தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஸமீரா தமிழ்மணியைத் தேடிப் போனாள். தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஸமீரா தமிழில் பேசியதும் அவள் ஆச்சரியப்பட்டாள், ஆனால் சந்தோஷப்படவில்லை.

"நான் அதைக் காதுலயே வாங்கறதில்லக்கா," என்றாள், பர்மிய வாடையடித்த தமிழில். "பந்து மட்டும்தான் பாப்பேன். நீங்க நிறுத்தினதும் எல்லாரும் என்னையே பாத்தாங்க. அப்புறம் எனக்குக் கை நடுங்கிச்சு."

"நிறுத்தாம இருந்திருக்கணுமா?"

தமிழ்மணி முகத்தைத் துடைத்தாள். "தெரியல," என்றாள்.

பேருந்து நிறுத்தத்தில் கேதி தனியாக வந்து பக்கத்தில் நின்றாள். ஆலைப் பேருந்தில் ஏற அவளுக்கு மனமில்லை. அங்கே எல்லோரும் கோபமாக இருந்தார்கள். நாளைக்குப் பயிற்சிக்கு வருவாயா என்று கேட்டாள்.

"வாக்கைப் பத்தி ஏ பியூகிட்டப் பேசினியா?"

"இல்லை."

"பேசு," என்றாள் ஸமீரா. பேருந்து வந்தது, ஏறிக்கொண்டாள்.

பசுந்தாங் ஓடைப் பாலத்தில் பேருந்து ஊர்ந்தபோது கைபேசியைத் திறந்தாள். கேதி உட்கார்ந்திருக்கும் வீடியோ அதற்குள் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் இதயங்கள். மனிதநேயத்தின் முகம் என்று எழுதியிருந்தார்கள். ஸமீராவைப் பற்றி, இடம் கொடுத்தால் இப்படித்தான் என்று எழுதிய அதே மனிதர், விளையாட்டு என்றால் இதுவல்லவா என்று உருகியிருந்தார். கேதியை நினைத்து அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியிலேயே ஏதோ ஒன்று முள்ளாகக் குத்தியது. உட்கார முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, ஸ்ட்ராண்ட் சாலையில் லாரிகளுக்கு ஓரமாக வேகவேகமாக நடந்தாள்.

வாப்பா கடை வாசலில் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, ஜெயிச்சியளா?"

"தோத்துட்டோம் வாப்பா."

"ஒன்னைத்தான் ஆட விடலையே. அப்புறம் என்ன, தோத்துட்டோம்?"

அவள் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மடித்தார்கள். நாளைக்குப் பயிற்சி உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். போகிறாயா என்று கேட்டார்.

"போவேன் வாப்பா," என்றாள். "அன்னைக்கு எனக்காக ஏன் யாரும் நிக்கலன்னு, எல்லாரும் இருக்கறப்ப கேக்க வேண்டியது இருக்கு."